யார் முதலில் கரண்டி எடுப்பது

மொக்போ, தென்கொரியா,
அறுவடைப் பண்டிகை முடிந்த மறுவாரம்

என் மூத்த மகள் ஹேரானுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முட்டிவலியைத் தவிர எல்லோரும் சுகம், அந்த வலியும் சுகமாகத்தான் இருக்கிறது, என்னை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை. டொராண்டோவில் நீ எப்படி இருக்கிறாய், குளிர் வந்துவிட்டதா, காலுக்குக் கம்பளி உறை போடுகிறாயா என்று ஒரு வரி எழுது.

முதலில் நம் பிள்ளைகளின் பெருமையை எழுதிவிடுகிறேன், அதை எழுதாவிட்டால் மற்றது எழுதக் கை வராது. உன் மகன் யூனுக்கு வான்கூவர் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்ததை மீன் சந்தையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், ஐஸ்கட்டிக்காரரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேனாம், அவரே சொன்னார். உன் தம்பி தேகிலின் பையன் ஹான்சோல் சரக்குக் கப்பலில் இன்ஜினியர் ஆகிவிட்டான், போன மாதம் சூயஸ் கால்வாயிலிருந்து பேசினான், அங்கே வெயில் எப்படி என்றால் நம் ஊர் மீனை வெளியே வைத்தாலே கருவாடாகிவிடும் பாட்டி என்றான். அவன் அக்கா யேசுல் மருந்தாளர் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறி சியோலில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், என் மாத்திரைகளைப் போனிலேயே எண்ணி அதட்டுகிறாள். நான் அஞ்சாம் வகுப்பில் இருந்தபோது நாட்டில் போர் வந்து பள்ளிக்கூடத்தை மூடியதோடு என் படிப்பு முடிந்தது, மிச்சத்தை எல்லாம் இந்தப் பிள்ளைகள் எனக்காகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் யேசுலைப் பற்றித்தான். அவள் விரும்புகிற பையன் இன்சோப், கிழக்கே ஆன்டோங் ஊர்க்காரன். கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்கு நம் பக்கம் என்றாலே ஒரு இளக்காரம் என்பது உனக்குத் தெரியாததா. பையனின் அப்பாவும் அம்மாவும் சரி என்றுவிட்டார்கள், ஆனால் அங்கே முடிவு தாத்தாவுடையது, தொண்ணூறை நெருங்குகிறவர். தென்கோடிப் பொண்ணை விட்டா வேற பொண்ணே கெடைக்கலையா என்று கேட்டாராம். கடைசியில், ரெண்டு குடும்பமும் ஒரு மேசையில உக்காந்து சாப்பிடட்டும், பாத்துட்டுச் சொல்றேன் என்றாராம். அதனால் சியோலில் ஒரு பெரிய ஓட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு. முதல் நாளே ரயிலில் போய் அங்கேயே தங்கலாம் என்று தேகில் அறை எடுத்துவிட்டான், யேசுலும் அன்றிரவு என்னோடு தங்க வந்துவிட்டாள்.

ஓட்டல் அறையைச் சொல்கிறேன் கேள். ஒரு அட்டையைச் சுவரில் சொருகினால்தான் விளக்கு எரிகிறது. கழிப்பறைக்குள் காலை வைத்ததும் மூடி தானாக எழுந்து நின்றது, நான் பதிலுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டேன், யேசுல் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலில் விரிப்பை நான்கு பக்கமும் எப்படி இறுக்கிச் சொருகியிருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு மூலையைப் பிரித்தேன், திருப்பிச் சொருக அரைமணி நேரம் ஆனது, ஆனால் கற்றுக்கொண்டேன், இப்போது வீட்டில் என் மெத்தை அப்படித்தான் இருக்கிறது. கட்டிலில் படுத்தால் படகில் இருப்பது போல இருந்தது, போர்வையை எடுத்துத் தரையில் போட்டுப் படுத்தேன், நம் வீட்டைப் போல அந்தத் தரைக்கு அடியில் சூடு கிடையாதாம், அவ்வளவு பெரிய ஓட்டலில். காலையில் யேசுல் கண்ணாடி முன்னால் நின்று மூன்று உடுப்பு மாற்றிவிட்டு, பாட்டி, அந்தத் தாத்தா வேணாம்னு சொல்லிட்டா இன்சோப் அவரை மீறமாட்டான், நானும் மீறச் சொல்லமாட்டேன் என்றாள். உன் கழுத்துப்பட்டை மடிஞ்சிருக்குடி என்று சொல்லி அதைச் சரிசெய்துவிட்டேன்.

அவள் அம்மா லிப்டில் வைத்து எனக்குப் பாடம் எடுத்தாள். அத்தை, அந்தப் பெரியவர் கரண்டி எடுக்கற வரைக்கும் உங்க கை மடியில இருக்கணும், எவ்ளோ பசிச்சாலும் சரி என்றாள். அவள் மருமகளாக வந்த புதிதில் இதை அவளுக்குச் சொன்னவள் நான். அதைச் சொல்லிக் காட்டவில்லை, அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மேசையில் எனக்கு நேர் எதிரே பெரியவர். நிமிர்ந்த முதுகு, வெள்ளைப் புருவம். வாங்க என்று ஒரே வார்த்தை. முதலில் பூசணிக் கஞ்சி வந்தது, சின்னக் கிண்ணத்தில், நடுவில் ஒரே ஒரு பைன் கொட்டை மிதந்தது, ஒன்று எதற்காக, இரண்டு போட்டால் என்ன என்று கேட்க நாக்குத் துடித்தது, அடக்கிக்கொண்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை. என் பக்கம் கையைக் காட்டினார். நான் தலையைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் அவர் பக்கம் காட்டினேன். அவரும் தலையைத் தாழ்த்தினார். அத்தோடு சரி. இரண்டு பெரியவர்கள் கை வைக்காத மேசையில் மற்றவர்கள் எப்படிக் கை வைப்பார்கள், எல்லோரும் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம், அதில் ஆடை படிந்தது. பரிமாறுகிற பெண் வந்து குனிந்து, எடுத்துடட்டுங்களா என்று மெல்லக் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னால் பசி என்று ஆகிவிடுமே, யாரும் வாய் திறக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து இறால் வந்தது. அதுவும் அப்படியே போயிற்று. உன் தம்பியின் வயிறு இரைந்தது, அது நாற்காலியின் சத்தம் என்று தோன்றும்படி அவன் நாற்காலியை அசைத்து மறைத்தான். எனக்குப் பயமாகிவிட்டது ஹேரான். சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட மனிதர்தான் நம் மேசையில் கை நனைக்கமாட்டார் என்று நினைத்தேன். வாயால் சொல்லாமல் கையால் சொல்கிறார் என்று யேசுலுக்கும் புரிந்துவிட்டது, அவள் காது மடல் சிவந்து, முகம் மட்டும் மாவு போல வெளுத்துவிட்டது. இன்சோப் அவளைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவதாக வந்ததுதான் மூடி போட்ட பித்தளைக் கிண்ணம். ஆளுக்கு ஒன்று, குழந்தையைக் குளிப்பாட்டலாம் அவ்வளவு பெரிது. மூடியைக் கண்டால் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது என்று சின்ன வயதிலிருந்து நீ என்னைக் கேலி செய்வாய். பொறுத்துத்தான் பார்த்தேன். பிறகு யோசித்தேன், பெரியவருக்கு முன்னால் எடுக்கக் கூடாதது கரண்டியைத்தான், மூடியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே. இதுவும் திறக்காமலே போய்விட்டால் உள்ளே என்ன இருந்தது என்று சாகிற வரை எனக்குத் தெரியாது. சத்தமில்லாமல் ஒரு விரலால் மூடியைத் தூக்கிக் குனிந்து எட்டிப் பார்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது, உள்ளே தெளிந்த ரசம், நடுவில் ஒரே ஒரு கொழுக்கட்டை. அந்த நேரம் எதிரே டிங் என்று ஒரு சத்தம். தலையை நிமிர்த்தினால், பெரியவரும் தன் மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! அவர் புருவத்தில் ஆவி முத்து முத்தாக நின்றது. இரண்டு பேரும் அகப்பட்டுக்கொண்டோம். அவர்தான் முதலில் பேசினார், சம்பந்தியம்மா, உங்களதுல எத்தனை இருக்கு என்றார். ஒண்ணே ஒண்ணுதாங்க என்றேன். எனக்கும் ஒண்ணுதான், ஆன்டோங்காரனுக்குத்தான் கம்மியா வச்சுட்டாங்களோன்னு பாத்தேன் என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சம்பந்தியம்மா என்றாரே, அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். யேசுல் மேசைக்கு அடியில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள், அந்த இடம் இன்னும் கசங்கியே இருக்கிறது, நான் தேய்க்கவில்லை. பிறகு தைரியம் வந்து கேட்டேன், வயசுல நீங்கதானே பெரியவங்க, நீங்க ஏன் கரண்டி எடுக்கலை என்றேன். பொண்ணு குடுக்கறவங்க நீங்க, உங்களுக்கு முன்னால நான் எப்படி எடுப்பேன் என்றார். கொஞ்சம் தயங்கி, முன்னால நான் பேசினது உங்க காதுக்கு வந்திருக்கும், அந்தக் கோவத்துலதான் கை நனைக்கமாட்டேங்கறீங்கன்னு நெனச்சேன் என்றார். அவர் மருமகள், இன்சோப்பின் அம்மா, தலையைக் குனிந்துகொண்டாள். காதுக்கு வந்துச்சுங்க, ஆனா என் வயித்துக்கு அது போய்ச் சேரலை, ரெண்டு தட்டு போனதுதான் அதுக்குத் தெரியும் என்றேன். அப்படின்னா ஒண்ணா எடுப்போம் என்று கரண்டியில் கை வைத்தார், நானும் வைத்தேன், இரண்டும் ஒன்றாக எழுந்தது. உடனே மேசை முழுக்கக் கரண்டி எழுந்த சத்தம் தகரக் கூரையில் மழை பெய்தது போல இருந்தது.

அந்தக் கொழுக்கட்டையை இரண்டாகக் கடித்து ஆராய்ந்தேன், உள்ளே வெள்ளை மீன், நம் ஊரில் அந்தக் காசில் பத்து செய்வோம், ஆனாலும் ருசி இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். பெரியவர் பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு, அந்தக் கஞ்சியும் எறாலும் எங்கம்மா போச்சு, நாங்க இன்னும் அதுகூட அறிமுகமே ஆகலையே என்றார். பாவம், அந்தப் பெண் ஓடிப்போய்ச் சொல்லி, புதிதாகவே செய்து கொண்டு வந்தார்கள். முதலில் வந்த கஞ்சியைக் கடைசியில், வரிசையே தலைகீழாகச் சாப்பிட்டு முடித்தோம். அடுத்த தடவ எங்க ஊர்ல புளிக்கவச்ச திருக்கை மீன் கொண்டு வர்றேன், அந்த வாடையையும் தாங்கினா இது கெட்டியான சம்பந்தம் என்றேன். அவர் அவசரமாக, அப்போ அதுக்கு முன்னால கல்யாணத்தை முடிச்சுடுவோம் என்றார். வசந்தத்தில், செர்ரி பூக்கும் மாதத்தில் நாள் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். நம் பழைய மூடி போட்ட சோற்றுக் கிண்ணத்தைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவினேன். இப்போது தனியாகச் சாப்பிடும்போதுகூடச் சோற்றைப் போட்டு மூடி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். போட்டவள் நான்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், இருந்தாலும் திறக்கிற வரைக்கும் ஒரு ஆசை. யூன் கல்லூரிக்குப் போனதிலிருந்து உன் மேசையில் நீ ஒருத்திதானே, நின்றுகொண்டே சாப்பிடுகிறாயோ என்று எனக்குச் சந்தேகம். உட்கார்ந்து சாப்பிடு. ஒரு கிண்ணம் வாங்கி மூடிவை. உனக்காகக் கரண்டி எடுக்காமல் காத்திருக்க அங்கே ஆள் இல்லை என்று நினைக்காதே, உனக்கு அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆகும்போது எனக்கு இங்கே காலைச் சாப்பாடு, கரண்டி எடுக்கும் முன்னால் ஒரு நிமிஷம் காத்திருந்துதான் எடுக்கிறேன்.

கடவுள் உன்னையும் யூனையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், வசந்தத்தில் லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மனதை வருத்திக்கொள்ளாதே. இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே, யேசுல் சொல்லச் சொன்னாள். ஒன்று மட்டும் செய். சம்பந்தி உன்னைப் பற்றி விசாரித்தார், பையிலிருந்த உன் படத்தைக் காட்டினேன், அதில் யூன் உன் இடுப்பில் இருக்கிறான். இப்பவும் இப்படியேவா இருக்காங்க என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை ஹேரான், பெற்றவளுக்கே தெரியவில்லை. படத்தைப் போனில் அனுப்பாதே, அது கைக்கு வருவதற்குள் ஓடிவிடுகிறது. உன் மேசையில் உட்கார்ந்து, கிண்ணத்தின் மூடியைத் திறக்கிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்து, தாளில் போட்டுத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா