வடிகால் பலகையை நான்தான் எடுத்தேன்

எஸ்டேட் குட்டையில் படகு விடும் கோபி, லைப் ஜாக்கெட் வாங்கச் சேலத்துக்குப் போயிருந்தான். அவன் மனைவி சசிரேகா சேறு அப்பிய கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

ஏனுங்க, வடிகாலை அடைச்சு நீங்க வெச்ச பலகையை நான்தான் எடுத்தேன். திருப்பி வெக்காதீங்க. எடுக்கலாம்னு சொன்னதுக்கு, மீன் ஓடிரும், படகு தரை தட்டும்னு நேத்து அந்தச் சத்தம் போட்டீங்க. இன்னைக்குக் காலைல கரைக்கு அடியில போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் தெளிவாக் கசிஞ்ச தண்ணி டீ மாதிரி கலங்கி வருது. உள்ளுக்குள்ள கரை மண்ணு கரைஞ்சு போகுதுங்க, தண்ணி எறங்குனாத்தான் கரை நிக்கும்.

ஒவ்வொரு பலகையாத்தான் எடுத்தேன். குட்டைத் தண்ணி முழங்கால் அளவு எறங்கிருச்சு. ஓனருக்குப் போன் பண்ணிட்டேன். உங்களை மாட்டிவிடல, "நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம்"னுதான் சொன்னேன். ஆள் அனுப்பறாராம். அதுவரைக்கும் மேட்டுல நின்னு பார்த்துக்கறேன்.

படகு ஏற விருந்தாளிங்க வந்தா காபி குடுத்து, மொளகுத் தோட்டத்தைச் சுத்திக் காட்டுங்க. படகுச் சாவியைத் தேடாதீங்க, என் முந்தானையில முடிஞ்சிருக்குது.

கரைக்குக் கீழ இருந்த அம்மாசி அண்ணன் குடும்பத்தை முதல்லயே மேல கூட்டிட்டு வந்துட்டேன். கொழந்தைங்க நம்ம ஊட்லதான் தூங்குது. சத்தம் போடாம வாங்க.

தாளில் இடம் தீர்ந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

நீங்க சொன்னது சரிதானுங்க, மீன் ஓடத்தான் செஞ்சுது. அதுல ஒண்ணைப் பிடிச்சு அம்மாசி அண்ணன் சம்சாரம் கொழம்பு வெச்சிருக்குது. கோவத்துல சாப்பிடாமப் போயிராதீங்க.