லாரி ட்யூபும் கடல் மீனும்

1982, ஆடி வெள்ளி.

சாயங்காலம் கரண்ட் போனதும் மீன் தொட்டியின் காற்று மோட்டார் நின்றுவிட்டது. தூத்துக்குடிக்கு உப்பு லோடு ஏற்றப் போன என் வீட்டுக்காரர் கேனில் கடல்நீரோடு கொண்டுவந்த வரி மீன், மேலே வந்து வாயைப் பிளந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகும் லாரி ட்யூபை உருட்டி வந்தேன். வால்வைத் தளர்த்தி, மோட்டாரின் மெல்லிய குழாயைக் கழற்றி அதில் சொருகிக் கட்டினேன். குமிழ் வந்தது. மீன் கீழே இறங்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் வந்து பார்த்தார். "ஏம்புள்ள, ட்யூப்புக் காத்தெல்லாம் மீனுக்கா?"

"அதுக்கும் மூச்சு வேணுமில்லீங்க?"

காற்று குறைந்து குமிழ் தளர்ந்தது. அவர் ட்யூப் மேல் ஏறி உட்கார்ந்தார். குமிழ் மறுபடி பொங்கியது.

"சோத்த இங்கயே கொண்டா" என்றார்.

கரண்ட் வந்துவிட்டது. குழாயைத் திரும்ப மாட்டிவிட்டேன், மோட்டாரும் ஓடுகிறது. அவர் இன்னும் இறங்கவில்லை.