வெள்ளைச் சப்பாத்து

ஒகயாமா, மார்ச் 2006

அன்பான உங்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "இந்த மாசம் முடிய வாறீர்தானே?" என்று கேட்டீர்கள். லைன் இரைகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் இரையவில்லை. ஒரு வருஷம் மட்டும் ஜப்பானில் படிப்பித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவளும் நான்தான்.

இங்கே எல்லாம் சுகம். காலையில் பள்ளிக்கூட வாசலில் வெளிச் சப்பாத்தைக் கழற்றி ராக்கையில் வைத்துவிட்டு, உள்ளே மட்டும் போடுகிற வெள்ளைச் சப்பாத்தை மாட்டிக்கொள்வேன். நாலு பாடம் ஆங்கிலம். மத்தியானம் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் இருந்து அவர்களோடு சாப்பாடு. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து வகுப்பறையைத் துடைப்போம். நான் முழங்காலில் நின்று நிலம் துடைப்பதைக் கண்டால், "எங்கட வெரிபீ வீட்டில ஒரு நாளும் காணாத காட்சி!" என்பீர்கள்.

இரண்டாம் வகுப்பில் மியூ என்று ஒரு சிறுமி. வருஷம் முழுக்க என் பாடத்தில் வாய் திறக்காதவள். போன கிழமை துணியோடு பக்கத்தில் ஊர்ந்து வந்து, "ரீச்சர், ஏப்ரல், ஹியர்?" என்றாள். அவளிடம் லைன் இரைகிறது என்று சொல்ல முடியவில்லை.

இன்று பள்ளிக்கூடத்தில் வருஷக் கடைசி நாள். ஏப்ரலில் திரும்பி வராத ஆசிரியர்கள் வெள்ளைச் சப்பாத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உப அதிபர் சொன்னார். நான் வெறுங்கையோடுதான் அறைக்கு வந்தேன்.

மே மாதம் லீவு போட்டு இரண்டு கிழமை இங்கே வாருங்கள். கோபமென்றாலும் வாருங்கள். வரும்போது உள்ளே போட ஒரு சோடிச் சப்பாத்தும் கொண்டுவாருங்கள். உங்கள் காலுக்கு இங்கே அளவு கிடைக்காது, விசாரித்துவிட்டேன்.

என்றும் உங்களுடையவள்