கொழும்பிலிருந்து கொண்டுவந்த செய்தி

வைகாசி 14, 1966. இரவு.

திருச்சியில் விமானத்தை விட்டு இறங்கும்போது, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, டையைக் கழற்றிப் பைக்குள் வைப்பதென்று தீர்மானித்தேன். கொழும்பில் ஏறி இறங்கிய அலுவலகங்களுக்குக் கணக்கில்லை. நடுவில் ஒரு தகனம். எங்கள் கொழும்புக் கிளையில் வேலை பார்த்த சிதம்பரம் நெஞ்சுவலியில் போய்விட்டார். காரைக்குடியில் அவர் மைத்துனர் வீட்டில் கல்யாணம். தந்தி வேண்டாம், நானே நேரில் பக்குவமாகச் சொல்கிறேன் என்று கிளையில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாலையில் சொல்லத்தான் போனேன். பந்தலடியில் சிதம்பரத்தின் மனைவி விசாலாட்சி ஆச்சியே எதிரே வந்தார்.

"வாங்க தம்பி, வானத்துல பறந்து வந்தீகளாமே! எங்க வீட்டுக்காரக எப்படி இருக்காக? கல்யாணத்துக்குக்கூட வராம அப்படி என்ன வேலையாம்?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்காக ஆச்சி. லீவு கிடைக்கலையாம்."

"கேட்டீகளா, நல்லா இருக்காகளாம்!"

"அப்பறம் என்ன அண்ணி," என்றார் மணப்பெண்ணின் தாய். "பொண்ணுக்கு மஞ்சள் பூச நீங்களே முதல்ல கை வைங்க."

சிதம்பரத்தின் கைக்கடிகாரம் என் பைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் நான்தான் சாவி கொடுக்கிறேன். ஏனென்று தெரியவில்லை.

மஞ்சள் பூசுவது காலை ஆறு மணிக்கு.