கொலைகாரன் இல்லாத நாவல்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளும் இயந்திரத்தை இயக்கினார். எண்ணெய் கலந்த பெற்றோல் புகை ஜன்னல் இடுக்கால் சமையலறைக்குள் வந்தது. தேநீரைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நாம் போன அந்த வடக்கு ஊரில் விமானத்தை விட்டு இறங்கியதும் முகத்தில் அடித்தது இதே மணம்தான். ஓடுபாதை ஓரத்தில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. "உலகம் முடியிற இடத்திலயும் டிராபிக் இருக்குது மச்சான்" என்றாய் நீ.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இந்தப் பனிக்காலம் என்னை நன்றாகவே களைக்க வைத்துவிட்டது. யாருடனும் கதைக்க மனமில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ துப்பறிபவன் என்று சொன்னால் கோயிலில் சனம் சிரிக்கும். சினிமாவில் வருவதுபோல் அதில் எதுவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. முதுகு முறிந்துவிட்டது என்று காப்புறுதிப் பணம் கேட்டவர் வீட்டு வாசலில் பனி அள்ளுகிறாரா என்று பார்ப்பதுதான் உன் தொழில். நான் கார் ஓட்டுவேன். நீ படம் எடுப்பாய். ஆறிப்போன கோப்பியோடு எத்தனை தெருக்களில் காத்துக் கிடந்திருப்போம்!

பரமேஸ்வரி அக்கா உன்னிடம் வந்தது அப்படியான ஒரு நாளில்தான். நகரின் மறுபக்கம், செயின்ட்-மிஷேலில் இருந்து பஸ் மாறி வந்திருந்தா. மகன் குகன் வடக்கே, விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஒரு சிற்றூரில், கடை நடத்தும் வேலைக்குப் போனவன். முந்தின வசந்தத்தில் விரிகுடாப் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. பொலிஸ் 'விபத்து' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டது.

"குளத்துக்குள்ளயே இறங்கப் பயப்பிடுற பிள்ளை தம்பி. அவன் தனிய ஐஸுக்கு மேல போகமாட்டான். ஆரோ கூட்டிக்கொண்டு போயிருக்கினம். அது ஆர் எண்டு மட்டும் எனக்குச் சொல்லுங்கோ" என்றா.

நீ அதற்கு முன் கொலை வழக்கு எதையும் தொட்டதில்லை. ஆனாலும் உன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்.

அந்தப் பனிக்காலமே இருவரும் வடக்கே போனோம். அங்கே யாரும் நம்முடன் அதிகம் பேசவில்லை. கேட்டால் சிரித்தார்கள், தேநீர் தந்தார்கள், எழுந்து போனார்கள். அந்த மௌனம் உனக்கு ஒரு சாட்சியாகவே பட்டது. பிறகு கடை வாசலில் ஆடமியைக் கண்டோம். அந்த ஊர்க்காரர், நடுவயது வேட்டைக்காரர். அவர் போட்டிருந்த சிவப்புக் குளிர் ஜாக்கெட், குகன் அக்காவுக்கு அனுப்பிய படத்தில் போட்டிருந்த அதே ஜாக்கெட். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். நேரே போய், "இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாய். கேட்ட விதம் நன்றாக இருக்கவில்லை.

அவர் நம்மைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், உறைந்து கிடந்த விரிகுடாவில் ஓர் இடத்தைக் காட்டினார்.

மீன் பிடிக்கப் பழக்கும்படி குகன்தான் அவரைக் கேட்டிருக்கிறான். திரும்பி வரும் வழியில் முன்னால் போன குகனின் ஸ்னோமொபைல் பனிக்கட்டி உடைந்து உள்ளே இறங்கிவிட்டது. ஆடமி வயிற்றால் ஊர்ந்து போய் அவனைப் பிடித்தார். பிடித்து இழுக்க, குகன் ஜாக்கெட்டில் இருந்து நழுவிப் போய்விட்டான். "என் கையில் இது மட்டும்தான் மிஞ்சியது" என்று ஜாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றன. மீதியை அன்றைய குளிர் தின்றுவிட்டது.

பனிக்கட்டி கரைந்ததும் ஊரே கரை நெடுகத் தேடியிருக்கிறது. அவனுடைய வீட்டாரிடம் ஜாக்கெட்டை எப்படிச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தேடப் போகும்போது போடத் தொடங்கி, பிறகு கழற்ற மனம் வரவில்லையாம்.

நீ விடுதிக்கு வந்து அக்காவைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாய். "ஜாக்கெட்டைக் கொண்டு வரட்டோ அக்கா?" என்று கேட்டாய். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம் தம்பி. அங்க குளிரெல்லே. அவரே போடட்டும்."

திரும்பும் விமானத்தில் நீ ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாய். "இவ்வளவு காலமும் பொய் சொல்லுற ஆக்களையே பாத்துப் பாத்து, அந்தாளின்ர விரலைக் கூட முதல்ல நான் பாக்கேல்லை மச்சான்" என்றாய்.

அதற்குப் பிறகுதான் நாவல் எழுதத் தொடங்கினாய். தூர வடக்கில் ஒரு துப்பறிபவன். காணாமல் போன ஒருவன். பேசாத ஓர் ஊர். சென்னைப் பதிப்பாளர் தொலைபேசியில் பேசியது நினைவிருக்கிறதா? ஒலிபெருக்கியில் போட்டு என்னையும் கேட்க வைத்தாய்.

"எல்லாம் நல்லாருக்கு சார். கொலைகாரன் யாருன்னே வரலையே?"

"அங்க கொலைகாரன் இல்லை."

"அப்போ கடைசி அத்தியாயத்துல என்னதான் சார் நடக்குது?"

"தேடுகினம்."

கொலைகாரனை வைத்தால் போடுகிறேன் என்றார். நீ சம்மதிக்கவில்லை. கதையில் கொலை செய்யக்கூடிய ஒரே ஆள் ஆடமிதான் என்பது உனக்குத் தெரியும். நீயே அச்சடித்தாய். வெளியீட்டில் ஒருவர் எழும்பி, "மர்மக் கதை எண்டு கூப்பிட்டு ஏமாத்திப்போட்டியள்" என்றார். முன்வரிசையில் இருந்த பரமேஸ்வரி அக்கா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார். விற்றது கொஞ்சம்தான். மீதி என் பியர்பொன்ட்ஸ் வீட்டு நிலவறையில் இருக்கிறது.

ஒவ்வொரு ஆடியிலும் குகனுக்காகக் கரையைத் தேடி முடித்த பிறகு ஆடமி உன்னை அழைப்பார். நீ போய் அக்காவுக்குச் சொல்வாய். கடைசி நாட்களில் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இதைத்தான் சொன்னாய்: "அந்தாள் கோல் எடுத்தா நீ கதை. எடுக்காம விட்டிடாத."

போன ஆடியில் அழைத்தார். "ஒன்றும் இல்லை" என்றார். முழங்கால் சரியில்லை, தான் இன்னும் தேட வேண்டும் என்று அந்தத் தாய் விரும்புகிறாரா என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு செயின்ட்-மிஷேலுக்குப் போனேன். நீயாக இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாய் என்று வழி நெடுக யோசித்தேன். கடைசியில் அவர் கேட்டதை அப்படியே சொன்னேன்.

அக்கா தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தா. "காணும் தம்பி. நிப்பாட்டச் சொல்லுங்கோ. பாவம், அவரும் மனிசன்தானே. குகன் அங்கேயே இருக்கட்டும்."

அன்று பின்னேரமே ஆடமியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"சரி, நிறுத்திவிட்டேன் என்று அவனுடைய அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றார். "ஆனால் நான் எப்படியும் அந்தக் கரையால்தான் நடக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியாதே. ஆடியில் உங்களை அழைப்பேன்."

அக்காவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மறு பாதி என்னிடம் இருக்கிறது.