மூன்று வேண்டாம்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இனி நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன்.

உன் கடிதத்தை ஆயிரத்தெட்டு முறை படித்தேன். முதல் தடவை, வியாழக்கிழமை உனக்குச் சின்ன ஆபரேஷன் என்ற வரியோடு திருப்திப்பட்டுத் தூங்கிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு வரியையும் கூண்டில் ஏற்றி, "நீ எதற்கு இங்கே நிற்கிறாய்?" என்று அதட்டினேன். மை வியர்த்து ஒழுகியது. கடைசியில் கடிதத்தை மூடிவைத்து, புரிந்ததை என் சொந்த வார்த்தையில் வீட்டுக்காரியிடம் ஒப்பித்தேன்.

"சின்ன ஆபரேஷன்தானாம், வர வேண்டாமாம். எனக்கு வேலை இருக்குமாம், வர வேண்டாமாம். பஸ்ல கூட்டமாம், வர வேண்டாமாம்."

"மூணு தடவையா? அண்ணி பயந்துபோய் இருக்காங்க. இதுகூடப் புரியலையா உங்களுக்கு?"

அந்தச் சத்தத்தில் ஏழு தெருக் கண்ணாடிகள் நொறுங்கின.

இதில் ஒரே ஒரு துளி உண்மை: புதன்கிழமை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் மாமா