உம்மு யூசுபின் கடிதங்கள்

1935 ஏப்ரல் 9, செவ்வாய்

நாளை அவர் இறந்த நாற்பதாம் நாள் கத்தம். வீடு முழுக்கப் பெண்கள், அரிசி புடைக்கும் சத்தம். எனக்கு மட்டும் வேலை இல்லை. கணவனை இழந்து இத்தா இருப்பவள் அறையில் இருந்தால் போதுமாம். நாலு மாதமும் பத்து நாளும் சும்மா இருக்க என்னால் முடியுமா? அதனால்தான் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன்.

தம்பி ஹாஷிம் வந்தான். "ராத்தா, வாலிபர் சங்கத்துல மச்சானுக்கு ஞாபகக் கூட்டம் வெக்கிறாங்க. நான்தான் பேசணும். பட்டாளத்துக் கதையெல்லாம் எழுதித் தாங்க. மெடலும் வேணும்."

எழுதினேன். 1917இல் சுகாதாரப் பட்டாளத்தோடு கப்பலேறினார். ஈராக்கின் பஸ்றாவில் இரண்டு வருஷம், அரபும் அங்கேதான் பழகினார். துப்பாக்கி பிடிக்கவில்லை. மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியும்தான். திரும்பி வந்து துணிக்கடை போட்டார். கடையில் இருந்ததைவிட அடுத்தவர் வீட்டு ஜனாஸா தூக்க நின்றதுதான் அதிகம். ஊருக்கே அண்ணன் மாதிரி அவர், 'பட்டாளத்து நானா'. போன மார்கழியில் காய்ச்சல் பரவியதும் கொயினா மருந்துப் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறினார். கடைசியில் அந்தக் காய்ச்சலே அவரையும் கொண்டுபோனது.

பிள்ளைகள்? இல்லை. அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் இரண்டு நாள் என் தொண்டையில் சோறு இறங்காது. அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 11

மெடலுக்காக அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான்.

மெடலுக்கு அடியில் பதினாலு கடிதங்கள். எல்லாம் அரபு. பஸ்றாவிலிருந்து வருஷா வருஷம் நோன்பு மாதத்தில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வரும். "பழைய சிநேகிதன் அனுப்புறான்" என்பார். அந்தப் பெட்டிகளோடு வந்த கடிதங்கள்.

குர்ஆன் ஓதத் தெரிந்த எனக்கு இந்தக் கிறுக்கல் பிடிபடவில்லை. குர்ஆனில் உச்சரிப்பைக் காட்டும் மேற்கோடு கீழ்க்கோடு எதுவும் இதில் இல்லை. ஆனால் பதினாலிலும் கடைசியில் இருந்த பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். உம்மு யூசுப். யூசுபின் தாய்.

சிநேகிதனா!

ஏப்ரல் 12

யார் அந்த யூசுப்? அவனைப் பெற்ற வாப்பா யார்?

ஏப்ரல் 14

பதினாலு வருஷம் அந்தப் பழத்தை நானும் தின்றேனே. போதாக்குறைக்கு, நல்ல இனிப்பு என்று பக்கத்து வீடுகளுக்கும் பங்கிட்டேனே! வெட்கமாக இருக்கிறது. மனுஷன் உயிரோடு இருந்தால் நேராகக் கேட்டிருப்பேன். இப்போது யாரைப் பிடித்துக் கேட்பது?

ஏப்ரல் 19

ஹந்தானைத் தொழிலாளர் லயத்திலிருந்து அழகம்மா என்றொருத்தி பூசணிக்காய் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை.

"எங்க லயத்துல பதினொரு பேருக்குக் காச்சலுங்கம்மா. கசக்குதுன்னு புள்ளைங்க மருந்தைத் துப்புங்க. அய்யா தான் மொதல்ல ஒரு வாய் குடிச்சிக் காட்டிட்டு ஊத்துவாரு. எம்புருசன் கறுப்பையா செத்தப்ப தூக்க நாலு ஆளில்ல, எல்லாரும் படுக்கையில. அய்யா வந்து பாடைக்குத் தோள் குடுத்தாரு."

அவள் அழுதாள், நானும் அழுதேன். நான் அழுதது வேறு காரணத்துக்கு. இவ்வளவு நல்ல மனுஷன் எனக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தார்?

ஏப்ரல் 27

கடிதங்களை எரித்துவிடலாம் என்று இரண்டு முறை அடுப்படி வரை போனேன். எரிக்க முடியவில்லை. அவளுக்காகத்தான்.

அவள் அவருடைய மனைவியாக இருந்தால் அவளும் இத்தா இருக்க வேண்டியவள் அல்லவா? அவர் மௌத்தானது அவளுக்குத் தெரியாது. வளையலும் போட்டுக்கொண்டு அடுத்த நோன்புக்குப் பழம் பொறுக்கிக்கொண்டிருப்பாள். சொல்லாமல் விட்டால் அந்தப் பாவம் எனக்கு. அவள் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் சரி — சொல்லத்தான் வேண்டும். அதற்கு முதலில் யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

ஹாஷிமிடம் கொடுத்தால் ஆலிமிடம் போகும், பிறகு ஊருக்கே போகும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவன் எந்த முகத்தோடு பேசுவான்? அம்பிட்டிய ஊர் ஆஸியா உம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். அவருடைய வாப்பா பெரிய ஆலிம், மகளுக்கு அரபை அர்த்தத்தோடு படிப்பித்தவர். வாயில் பூட்டுள்ள மனுஷியும்கூட.

மே 2, வியாழன்

ஆஸியா உம்மா வந்தார். கதவைத் தாழிட்டேன். ஜன்னலோரம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து, வாய்க்குள்ளேயே ஒன்று படித்தார். பிறகு இன்னொன்று. எனக்கு உயிர் போய் வந்தது.

"சொல்லுங்களேன்! அவ யாரு?"

"கிழவி, புள்ள" என்றார். "எழுவது வயசுக் கிழவி. யூசுப் இவட மகன், பட்டாளத்து முகாமுல கூலிக்கு நிண்டவன். கொலரா வந்து மௌத்தாப் போயிட்டான். பயத்துல ஒருத்தரும் மையித்துக்குக் கிட்ட வரல்ல. உன்ட மாப்புளதான் தனியாக் குளிப்பாட்டி, கபன் துணி போத்தி, அடக்கினாராம். அதுக்குப் பொறகு இவரத்தான் மகனே, மகனே எண்டு எழுதுறா."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அப்ப ஏன் எனக்கிட்ட மறைச்சாரு?"

ஆஸியா உம்மா ஒரு வரியில் விரல் வைத்தார். "இதப் பாரு. இது யாருட பேரு?"

ரே, ஃபே, யே... ரபீகா. என் பெயர்!

"எல்லாக் கடிதத்துலயும் இருக்கிது. 'ரபீகாவுக்கு அல்லாஹ் புள்ள குடுத்தானா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அவவுக்காக துஆ கேக்கிறன்' எண்டு. இத உனக்கு எப்படி வாசிச்சுக் காட்டுவாரு அந்த மனுஷன்?"

பதினாலு வருஷம். ஒவ்வொரு கடிதத்திலும் அதே கேள்வி. என் காதில் விழக்கூடாதென்று அவர் தனியாகப் படித்துப் பூட்டி வைத்திருக்கிறார். நானோ இருபது நாளாகக் கபுருக்குள் படுத்திருப்பவரைத் திட்டித் தீர்த்தேன். மன்னித்துவிடுங்கள். அப்பாடா என்று இருக்கிறது.

இன்று இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மே 5, ஞாயிறு

கூட்டத்தில் யூசுபின் கதையை ஹாஷிம் சொன்னானாம். என் பெயர் வந்த வரியை அவனிடம் சொல்லவில்லை. அது எனக்கு மட்டும்.

ஜூலை 8

இத்தா முடிந்தது. குளித்து, வெளி வாசலுக்குப் போனேன். வெயிலில் கண் கூசியது. நான் சொல்லச் சொல்ல ஆஸியா உம்மா அரபில் எழுதிய கடிதம் தபாலுக்குப் போனது. 'உங்கள் இரண்டாவது மகனும் மௌத்தாகிவிட்டார். கடைசி வரை மற்றவர்களுக்காகவே ஓடினார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. துஆவை நிறுத்தாதீர்கள்.' பிள்ளை இல்லை என்று என் வாயால் நானே சொன்னது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 2, திங்கள்

நோன்பு. அவருடைய கொயினாப் பையோடு ஹந்தானைக்கு ஏறி, மத்தியானம்தான் இறங்கினேன். இன்னும் மூன்று லயத்தில் காய்ச்சல். அழகம்மா வழிகாட்ட வருகிறாள். மருந்தை முதலில் குடித்துக் காட்ட எனக்கு வழியில்லை, நோன்பாயிற்றே. அவள்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துக் காட்டுகிறாள்.

வீட்டுக்கு வந்தால் பஸ்றாவிலிருந்து பெட்டி! என் பெயருக்கு. ஆஸியா உம்மா கடிதத்தைப் படித்தார். 'மகளே ரபீகா' என்றுதான் தொடங்குகிறது.

பதினைந்தாவது கடிதம். தகரப் பெட்டியில் மற்றவற்றோடு வைத்தேன். அந்தப் பெட்டியின் பூட்டை, கடையின் பின்கதவுக்குப் போட ஹாஷிம் கேட்டிருந்தான். கொடுத்துவிட்டேன்.